அவர் சொல்லாதது

ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'ரெண்டுநாக்கு' என்று பெயர். கேலியாக வைத்ததுதான். நாளடைவில் கேலி கரைந்து பெயர் மட்டும் நின்றுவிட்டது. அப்பா மேட்டார், அம்மா அக்கரையார். ஆற்றுக்கு இந்தப் பக்கம் மேட்டில் இருப்பவர்களுக்கு ஒரு மொழி, அந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வேறொன்று. கடவுளை வணங்குகிற விதமும் வேறு. மேட்டார் கண்ணை மூடி, உதடு அசையாமல் பிரார்த்தனை செய்வார்கள். அக்கரையார் வாய்விட்டு ஓதுவார்கள். இரண்டு வீட்டாரும் வராத ஒரு கல்யாணத்தின் ஒரே பெண் என்பதால் அவளுக்கு இரண்டு மொழியும் கைக்குழந்தைப் பருவத்திலேயே வந்துவிட்டன.

புறநோயாளிகள் பிரிவில் டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் அமர்ந்து ஒருவர் சொல்வதை மற்றவருக்குச் சொல்வது அவள் வேலை. அதற்கு ஒரு சட்டம் உண்டு. 'அவருக்கு வலிக்கிறதாம்' என்று சொல்லக் கூடாது. 'எனக்கு வலிக்கிறது' என்றுதான் சொல்ல வேண்டும். பேசுகிறவர் நான் என்றால் இவளும் நான். இப்படியாக ஒரு நாளில் அவள் ஐந்து முறை கர்ப்பமாவாள், இரண்டு முறை மாரடைப்பு வரும், ஒருமுறையாவது விரை வீங்கும். புதிதாக வந்த டாக்டர்கள் முதல் வாரம் பாவம்போல அவள் வயிற்றையே பார்ப்பார்கள். பதினெட்டு வருடத்தில் ஒரு சொல் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. அது அவளுடைய ஒரே கர்வம்.

நான்கு வருடத்துக்கு முன்பு பாலத்தில் இரண்டு வண்டிகள் உரசியதில் ஆரம்பித்த சண்டை ஏழு நாள் எரிந்தது. அடங்கியபோது, செத்தவர்கள் போக, இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினொரு பேரைக் காணவில்லை. போலீஸ் தேடிப் பார்த்துவிட்டுக் கோப்பைக் கட்டி வைத்தது. அந்த ஏழு நாளும் பாலத்தின் இந்த முனையில் காயம்பட்டவர்களைத் தூக்கியவர் ஒரு மடத்துப் பெண்மணி. அந்த முனையில் தூக்கியவர், அக்கரையாருக்குத் தொழுகை நடத்திவைக்கிற, மற்ற நேரத்தில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கிற ஒருவர். பாலத்தின் நடுவில் ஸ்ட்ரெச்சர் மாற்றிக்கொண்ட பழக்கம். கலவரம் முடிந்தபிறகும் மடத்தம்மாவும் கடிகாரக்காரரும் சந்திப்பதை நிறுத்தவில்லை. காணாமல் போனவர்களின் வீட்டாரையும், ஏதாவது தெரிந்திருக்கக் கூடியவர்களையும் ஒரே அறையில் உட்காரவைக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். இரண்டு பக்கத்திலும் அவர்களுக்கு விழுந்த திட்டு கொஞ்சநஞ்சமல்ல. அப்படியும் விடவில்லை.

அறை, பாலத்துக்கு அருகில் மூடிக்கிடந்த பழைய தந்தி ஆபீசின் மாடி. பச்சை பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு தண்ணீர்ப் பானை, சத்தம் போடும் என்பதால் ஓடவிடாத மின்விசிறி. அங்கேயும் ஒரு சட்டம் இருந்தது. ஒருவர் சொல்லி முடித்ததும் எதிரில் இருப்பவர் பதில் சொல்லக் கூடாது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் 'ஆமாம், இதைத்தான் சொன்னேன்' என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் இவர் தன்னுடையதைப் பேசலாம். திட்டுகிறவன்கூட, தான் வாங்கிய திட்டைத் தன் வாயால் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் திட்ட முடியும். பாதிப் பேருக்கு அதற்குள் சூடு இறங்கிவிடும் என்பது கடிகாரக்காரரின் அனுபவம். மொழி தெரிந்த ஆள் வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது ரெண்டுநாக்கு உடனே சரி என்றாள். ஏன் அப்படி யோசிக்காமல் சொன்னோம் என்று பிறகு பலமுறை யோசித்தாள்.

அந்தச் சந்திப்புகளை 'உட்காரல்' என்றார்கள். காணாமல் போனவர்களில் ஒருவனான லைன்மேனைப் பற்றிய உட்காரல் அந்தக் கோடையில் ஆரம்பித்தது.

அவன் மேட்டுத் தெருவில் இருந்த ஒரு தையல்காரம்மாவின் மூத்த மகன். காணாமல் போனபோது இருபத்தாறு வயது. கலவரத்தின் மூன்றாம் நாள் காலை, அக்கரையில் இருந்த ஐஸ் ஃபேக்டரிக்குக் கரண்ட் போய்விட்டது. ஆஸ்பத்திரிப் பிணவறைக்கு ஐஸ் வேண்டும். யாரும் போகத் தயாராக இல்லை. அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். தடுத்ததற்கு, கம்பத்தின் மேலே ஏறிவிட்டால் மேடு ஏது அக்கரை ஏது என்று சிரித்தானாம். பதினோரு மணிக்கு ஃபேக்டரிக்குக் கரண்ட் வந்தது. அவன் வரவில்லை.

முதல் உட்காரலில் அம்மா மட்டும்தான் பேசினாள். மகனின் படத்தை மடியில் குப்புற வைத்துக்கொண்டு, ஊசி கோர்ப்பதுபோலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மேலே எழுதிய அளவுக்குத்தான் சொன்னாள். ரெண்டுநாக்கு வழக்கம்போலச் சின்ன நோட்டில் குறிப்பெடுத்து, கடிகாரக்காரருக்கு அவர் மொழியில் சொன்னாள். வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டியபோது, 'சைக்கிள்' என்பதற்கும் 'பதினோரு மணி' என்பதற்கும் நடுவில் தன் கையெழுத்தில் ஒரு சொல் இருந்தது. 'குளிருது.' அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. யாரும் அப்படிச் சொன்னதாக ஞாபகமில்லை. ஞாபக மறதி என்று பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.

இரண்டாம் உட்காரலுக்கு ஐஸ்காரர் வந்தார். ஃபேக்டரியில் கம்ப்ரசர் ஓட்டுகிறவர், ஐம்பதை ஒட்டிய வயது, கனத்த தோள். கடிகாரக்காரர் எட்டு முறை அவர் வீட்டுக்கு நடந்த பிறகு, அந்த நடைக்கு மரியாதை கொடுத்து வந்தவர். அன்று அவர் தன் பெயர், வேலை, எத்தனை வருட சர்வீஸ் என்பதைத் தவிர எதுவும் சொல்லவில்லை. தையல்காரம்மா அதையே திருப்பிச் சொன்னாள். அவர் ஆமாம் என்றார். அவ்வளவுதான்.

ஆனால் முழு நேரமும் அவர் ரெண்டுநாக்கின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போகும்போது அருகில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"வாயில ஐஸ் வச்சிருக்கீங்களாம்மா?"

இல்லையே என்றாள்.

"நீங்க அந்தம்மா பேசினதை எனக்குச் சொல்றப்பல்லாம் வாயிலேருந்து புகை வந்துச்சு. குளிர் ரூம்ல பேசுற மாதிரி."

அன்று சாயங்காலம் அவள் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, ஊதி ஊதிப் பார்த்தாள். அவள் கணவர் சைக்கிள் கடை வைத்திருப்பவர். கையில் கிரீஸோடு வந்து எட்டிப் பார்த்தவர், பல் வலியா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டாள். இருபது வருடத்தில் அவரிடம் சொன்ன முதல் பொய் அது இல்லை என்றாலும், காரணம் தெரியாமல் சொன்ன முதல் பொய் அதுதான்.

மூன்றாவது உட்காரல் ஒரு வியாழக்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்கு. தந்தி ஆபீஸ் வாசலின் ஒரு பக்கம் தையல்காரம்மாவின் இளைய மகன் நான்கைந்து பேரோடு நின்றிருந்தான். வெல்டர். கண்ணுக்குக் கீழே தீப்பொறி பட்ட தழும்புகள். மறு பக்கம் ஐஸ்காரரின் மச்சான்மார் மூன்று பேர். இரண்டு கூட்டமும் எதிரெதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மாடியில், எப்போதும்போல மடத்தம்மா கண்ணை மூடினார். மூன்று நிமிடம் யாரும் அசையவில்லை. பிறகு கடிகாரக்காரர் தன்னுடையதை ஓதினார். ஒருவர் வழிபாட்டை மற்றவர் கடைசிவரை உட்கார்ந்து கேட்பது என்பதும் ஏற்பாடு. பதினோரு மாதமாக அப்படித்தான் நடந்துவந்தது.

ஐஸ்காரரிடம் அந்த நாளைப் பற்றிச் சொல்லும்படி கேட்டார்கள். இங்கே சொல்வது எதுவானாலும், ஒரு உயிர் சம்பந்தப்பட்டதாக இருந்தால் போலீசுக்குப் போகும் என்பதை மடத்தம்மா மறுபடி நினைவுபடுத்தினார். ஐஸ்காரர் தலையாட்டினார். தொண்டையைச் செருமிக்கொண்டு தன் மொழியில் இரண்டே வாக்கியம் சொன்னார். அன்றைக்கு மத்தியானம் கலவரம் பக்கத்தில் வந்ததால் ஃபேக்டரியைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

ரெண்டுநாக்கு தையல்காரம்மாவின் பக்கம் திரும்பி, மேட்டார் மொழியில் சொன்னாள். சொல்லி முடித்து, தண்ணீர் ஒரு வாய் குடித்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தன் வலது கை தொடையைத் தட்டிக்கொண்டிருந்ததை மட்டும் கவனித்து, நிறுத்தினாள்.

தையல்காரம்மாவின் முகத்தில் ரத்தம் இல்லை. கடிகாரக்காரர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு ரெண்டுநாக்கைப் பார்த்தார். அவருக்கு மேட்டார் மொழி தெரியாது. ஆனால் நேரம் பார்க்கத் தெரியும். ஐஸ்காரர் பேசியது ஐந்து நொடி, இவள் பேசியது முக்கால் நிமிடம்.

சட்டப்படி தையல்காரம்மா திருப்பிச் சொல்ல வேண்டும். அவள் வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு சொல்லாகக் கீழே வைப்பதுபோலச் சொன்னாள்.

"அன்னைக்கு மத்தியானம் நான் உள்ள இருந்தேன். நீங்க கதவை வெளியில பூட்டினீங்க. என் நல்லதுக்குத்தான் பூட்டினீங்க. பொறு தம்பி, கூட்டம் போகட்டும்னு சொன்னீங்க. பொறுத்தேன். ரொம்பக் குளுருச்சு. அப்புறம் சாவி திரும்புற சத்தம் கேட்டுச்சு. நீங்கதான் வர்றீங்கன்னு நினைச்சு எந்திரிச்சு நின்னேன்."

இதை ஐஸ்காரருக்குச் சொல்வதற்காக ரெண்டுநாக்கு அவர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். முதல் வாக்கியத்தை அவர் மொழியில் சொன்ன பிறகுதான் அது என்ன என்று அவள் காதில் விழுந்தது. தான் சொன்னதைத்தான் இந்த அம்மா திருப்பிச் சொல்கிறாள். தான் இதைச் சொல்லியிருக்கிறோம். பழக்கம் விடவில்லை, நாக்கு தன்பாட்டுக்கு மீதியையும் சொல்லி முடித்தது. எந்திரிச்சு நின்னேன் என்கிற இடத்தில் ஐஸ்காரர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தார். பிளாஸ்டிக் முனகியது.

அடுத்துக் கேட்க வேண்டியதை மடத்தம்மா கேட்டார். "நீங்க சொன்னது இதுதானா?"

அந்த அறையில் பொய் சொல்லாமலே தப்பிக்கக் கூடியவர் ஒருவர் இருந்தாரென்றால் அது ஐஸ்காரர்தான். இல்லை என்றால் போதும். அது முழு உண்மையும்கூட. ஆனால் அவர் வாய் திறப்பதற்கு முன் ரெண்டுநாக்கு எழுந்து நின்றுவிட்டாள். நோட்டை நாற்காலியில் வைத்தாள். இரண்டு மொழியிலும், முதலில் அதில், பிறகு இதில், ஒரே செய்தியைச் சொன்னாள்.

"இது அவர் சொன்னது இல்ல. பூட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டேன், வேற தெரியாது, இவ்வளவுதான் அவர் சொன்னாரு. மத்ததெல்லாம் என் வாயில வந்தது. எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியல. இதை வச்சு அவரை யாரும் எதுவும் கேக்கக் கூடாது. தப்பு என்னோடது."

சொல்லும்போதே பதினெட்டு வருடக் கர்வம் மாடிப்படியில் உருண்டு போவது அவளுக்குத் தெரிந்தது. மடத்தம்மா அவள் வைத்த நோட்டை எடுத்து மூடினார். பிறகு இன்றைய உட்காரல் கணக்கில் இல்லை என்றும், ஐஸ்காரர் தாராளமாகப் போகலாம், யாரும் பின்னால் வரமாட்டார்கள் என்றும் சொன்னார். தானே போய்க் கதவைத் திறந்து வைத்தார்.

தையல்காரம்மா ரெண்டுநாக்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அம்மாடி, என் பையன் திக்குவான்னு நான் உன்கிட்ட சொன்னேனா?"

இல்லை என்றாள்.

"கவும் பவும் அவனுக்கு வராது. கதவுன்னு சொல்ல மூணு தரம் முட்டுவான். சொல்லு வராதப்ப தொடையில தட்டுவான். நீ பேசினப்ப தட்டினியே, அந்த மாதிரி."

ஐஸ்காரர் கதவு வரை போயிருந்தார். படிக்கட்டின் கீழே மச்சான்மாரின் செருப்புகள் தெரிந்தன. அம்மா என்ன சொன்னாள் என்பது அவருக்குப் புரியவில்லை, ஆனால் அவள் தொடையில் தட்டிக் காட்டியதைப் பார்த்துவிட்டார். அங்கேயே நின்றார். பிறகு திரும்பி, ரெண்டுநாக்கிடம் தன் மொழியில் கேட்டார்.

"அவன் இன்னும் அங்க இருக்கானா?"

"தெரியலண்ணே. இப்ப என் வாயில நான் மட்டும்தான் இருக்கேன்."

அவர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கதவை மூடச் சொல்லவில்லை.

"நான் சொல்றேன். ஒரு வார்த்தை கூட்டாம, ஒரு வார்த்தை விடாம சொல்லுங்கம்மா."

அவர் சொன்னார். அவள் சொன்னாள். கரண்ட் வந்ததும் லைன்மேன் கம்பத்திலிருந்து இறங்கி ஃபேக்டரிக்குள் தண்ணீர் குடிக்க வந்தான். அதற்குள் தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மேட்டான் ஒருவன் உள்ளே இருக்கிறான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். நான் அவனைக் குளிர் அறைக்குள் தள்ளி வெளியில் பூட்டினேன். பொறு தம்பி என்று சொன்னேன். காப்பாற்றத்தான் பூட்டினேன். அவர்கள் என் வீட்டுக்குப் போய் என் மகளைக் கொண்டுவந்தார்கள். ஒன்பது வயது. அவள் முடியை ஒருத்தன் கையில் சுற்றிக்கொண்டான். நான்தான் சாவியைக் கொடுத்தேன்.

அந்த இடத்தில் நிறுத்தினார். ரெண்டுநாக்கும் நிறுத்தினாள். நான்தான் சாவியைக் கொடுத்தேன் என்று சொன்ன தன் வாயை அவளால் துடைத்துக்கொள்ள முடியவில்லை. பதினெட்டு வருடமாக மற்றவர்கள் வலியைத் தன்னுடையதாகச் சொன்னவள், மற்றவர் குற்றத்தை அப்படிச் சொல்வது இதுதான் முதல் தடவை.

"சத்தம் கேக்கக் கூடாதுன்னு கம்ப்ரசரை ஓட விட்டேன். அவன் சரி பண்ணிக் குடுத்த கரண்ட்லதான் ஓட விட்டேன்."

பின்கட்டில், ஐஸ் உருகாமல் மூடுவதற்குக் குவித்திருந்த உமி மேட்டுக்கு அடியில் புதைத்ததையும், நான்கு வருடமாகத் தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போய்வருவதையும் சொல்லி முடித்தார்.

தையல்காரம்மா எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னாள். ஓட விட்டேன் என்கிற இடத்தில் மூன்று முறை நின்று, மூன்று முறை முதலிலிருந்து ஆரம்பித்தாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. முடிந்ததும் ஐஸ்காரர், ஆமாம், இதைத்தான் சொன்னேன் என்றார்.

இப்போது அவள் முறை. சாபம் வரும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"வருஷத்துக்கு ஒரு சட்டை அவனுக்குத் தைச்சு வைக்கிறேன். அளவு தெரியாம தைக்கிறேன். ஒரு வருஷம் இளைச்சிருப்பான்னு பிடிச்சுத் தைச்சேன். ஒரு வருஷம் எங்கயோ நல்லா சாப்பிட்டுக்கிட்டு இருப்பான்னு விட்டுத் தைச்சேன். நாலு சட்டை இருக்கு. இனிமே தைக்க வேண்டியதில்ல."

ஐஸ்காரர் இதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பெரிய உடம்பு குலுங்க, ஒரு சட்டை, இன்னொரு சட்டை என்று எண்ணி எண்ணிச் சொன்னார். இரண்டாவது சட்டையை விட்டுவிட்டார். அவள் திருத்தினாள். மறுபடி சொன்னார். ஆமாம் என்றாள்.

ஜன்னல்கள் திறந்துதான் இருந்தன. ரெண்டுநாக்கு மேட்டார் மொழியில் சொன்னதெல்லாம் கீழே நின்ற வெல்டருக்குக் கேட்டிருக்கிறது. அவர்கள் இறங்க எழுந்தபோது படிக்கட்டின் அடியில் அவன் நின்றான். கையில் சைக்கிள் செயின். பின்னால் அவன் ஆட்கள். ஐஸ்காரரின் மச்சான்மார் செயினைப் பார்த்ததும் கல்லைப் பொறுக்க ஆரம்பித்திருந்தார்கள்.

மடத்தம்மாவும் கடிகாரக்காரரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. முதலில் இறங்கி, கடைசிப் படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். படி குறுகல், இரண்டு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். அவர்களை மிதித்துத்தான் மேலே போக முடியும். கடிகாரக்காரர் ஓத ஆரம்பித்தார். இரண்டாம் வரியில் இன்னொரு குரல் சேர்ந்தது. வாய் திறந்து பிரார்த்தித்தே அறியாத மடத்தம்மா, பதினோரு மாதமாகக் கேட்டுக் கேட்டு மனதில் பதிந்துபோன அந்த மொழியை, அர்த்தம் முழுக்கத் தெரியாமல், உச்சரிப்பு இடறி இடறி, கூடவே ஓதினார். கல்லோடு நின்ற மச்சான்மார் வாயைப் பிளந்தார்கள். வெல்டருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. சின்ன வயதில் அவனுக்கு மடத்தில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

தையல்காரம்மா அவர்களுக்குப் பின்னால் வந்து நின்றாள். ஐஸ்காரரின் சட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்திருந்தாள், கிழிசலைப் பிடித்துப் பார்ப்பதுபோல.

"உங்க அண்ணன் எங்க இருக்கான்னு இவர் ஒருத்தருக்குத்தான் தெரியும். கை காலோட வந்தாத்தான் காட்ட முடியும்."

மன்னித்துவிட்டாயா என்று மகன் கேட்டான்.

"இல்ல. அதுக்கு எத்தனை வருஷம் ஆகுமோ, ஆகாமலே போகுமோ. அது வேற வேலை. நீ அந்தச் செயினைக் கீழ போட்டுட்டுப் போய் மண்வெட்டி எடுத்துட்டு வா."

அவன் உடனே போடவில்லை. ஓதல் இரண்டாம் முறை முடியும்வரை நின்றுகொண்டிருந்தான். பிறகு போட்டான்.

மறுநாள் காலை போலீஸ் முன்னிலையில் தோண்டினார்கள். வெல்டரும் மச்சான்மாரும் மாறி மாறி உமியை அள்ளிக் கொட்டினார்கள். இடுப்பு பெல்ட்டும் அதில் செருகிய கட்டிங் பிளேயரும் முதலில் வந்தன. அடக்கத்தின்போது மௌனமும் இருந்தது, ஓதலும் இருந்தது. ஐஸ்காரர் வாக்குமூலம் கொடுத்தார். சாவியை வாங்கிப்போன நான்கு பேரின் பெயரையும் சொன்னார். வழக்கு நடக்கிறது. அவர் உள்ளேதான் இருக்கிறார். தையல்காரம்மா ஒருமுறை போய்ப் பார்த்ததாகவும், இரண்டு பேரும் மொழி தெரியாமல் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்ததாகவும் சொல்கிறார்கள்.

ரெண்டுநாக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வீட்டிலும் பேசவில்லை. வாயைத் திறந்தால் யார் பேசுவார்கள் என்ற பயம். கணவர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, நான் சொல்லாததை எல்லாம் சொன்னதாக நீ வீட்டில் இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய், வெளியில் ஒருநாள் நடந்ததற்கு இவ்வளவு கலங்குகிறாயே என்றார். அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு தன்னுடையதுதான் என்று தெரிந்தபிறகு கொஞ்சம் அழுதாள்.

நடந்தது என்ன என்று மடத்தம்மாவிடம் கேட்டாள். தனக்குத் தெரியாது என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். தெரிந்ததுபோலப் பேசிக்கொண்டு யாராவது உன் வீட்டுக்கு வந்தால் கதவைத் திறக்காதே என்பது மட்டும்தான் அவர் கொடுத்த புத்தி.

வந்தவர்கள் தெரிந்ததுபோலப் பேசுகிறவர்கள் இல்லை. காணாமல் போன மற்றப் பத்துப் பேரின் வீட்டுப் பெண்கள். முதலில் மேட்டிலிருந்து ஒரு பஸ் கண்டக்டரின் மனைவி வந்தாள். அடுத்த நாள் அக்கரையிலிருந்து ஒரு சலவைக்காரப் பெண், காணாமல் போன தம்பிக்காக. பிறகு ஒவ்வொருவராக. கூடத்து பெஞ்சில் உட்கார்ந்து, ரெண்டுநாக்கின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஏதாவது பேசும்மா, சும்மா எதையாவது பேசு என்பார்கள். பேசினால், உதட்டில் புகை வருகிறதா, கை தட்டுகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனிப்பார்கள். ஒன்றும் வரவில்லை என்று அவள் ஒவ்வொரு முறையும் நேராகச் சொன்னாள். இனிமேல் வராது என்றும் சொன்னாள். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த வாரமும் வந்தார்கள்.

காத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் என்ன செய்வது? பெஞ்சின் அந்த முனையில் ஒருத்தி, இந்த முனையில் ஒருத்தி. கண்டக்டர் மனைவி தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகுவாள். என்ன வலி என்று சலவைக்காரி கேட்பாள். ரெண்டுநாக்கு அதை அங்கே சொல்வாள், பதிலை இங்கே சொல்வாள். எனக்கு மூட்டு வலி, எனக்கும்தான், எனக்கு மருமகள் சரியில்லை, எனக்கு மருமகளே இல்லை. ஆஸ்பத்திரி வேலை வீட்டுக்கே வந்துவிட்டது என்று கணவர் சொன்னார். சில மாதங்களில் பெஞ்சின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் இருந்த இடம் குறைந்தது.

மழைக்காலத்தில் ஒரு வியாழன், காலை பதினோரு மணி. அந்த இரண்டு பெண்களும்தான் வந்திருந்தார்கள். டீ போடுவதற்காக ரெண்டுநாக்கு சமையலறைக்குப் போனாள். அடுப்பைப் பற்றவைத்து, தண்ணீரை வைத்தாள். கூடத்தில் கண்டக்டர் மனைவியின் குரல் கேட்டது. தன் மொழியில், தன் கணவன் கடைசியாக வேலைக்குப் போன பஸ்ஸை எரித்த இடம் செங்கல் சூளைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்டாள்.

பிறகு மௌனம். ஒரு வாக்கியத்தை இன்னொரு மொழியில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம். பதினெட்டு வருடமாக அந்த நீளத்துக்குள்ளேயே வாழ்ந்தவளுக்கு அது தெரியும்.

சலவைக்காரி தன் மொழியில் பதில் சொன்னாள். அந்தப் பக்கம், வாய்க்கால் ஓரமாக. அன்றைக்கு நான் மொட்டை மாடியிலிருந்து பார்த்தேன், இத்தனை நாள் சொல்ல பயமாக இருந்தது.

மறுபடி அதே நீளத்துக்கு மௌனம்.

கண்டக்டர் மனைவி, வாய்க்காலின் எந்தக் கரையில் என்று கேட்டாள்.

ரெண்டுநாக்கு தன் உதட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். அசையவில்லை. தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தது. அந்தச் சத்தம் கூடத்தில் கேட்டுவிடக் கூடாது என்று அடுப்பைத் தணித்தாள். அவர்கள் பேசி முடிக்கும்வரை, கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, அங்கேயே நின்றாள்.